கோபுரத்தைத் தொடாத இறக்கை

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்று வெறி பிடித்து வீசிய ஒரு நாளில், காற்றாலை இறக்கை ஒன்று வளைந்து தன் கோபுரத்திலேயே மோதி உடைந்தது. பராமரிப்பு வேலைக்கு வந்து கீழே நின்றிருந்த சுயம்பு அங்கேயே செத்துப்போனான்.

அந்த இறக்கையை வரைந்தவர் தாணுலிங்கம். ஃபைபர் படகு கட்டும் கம்பெனியில் பாதி வாழ்நாளைக் கழித்துவிட்டு, தலை நரைத்த பிறகு இந்த வேலையைக் கற்க ரெஜினாவிடம் வந்து சேர்ந்தவர். ரெஜினா அவரைவிட வயதில் சிறியவள். ஆனாலும் குரு குருதான். அவர் அவளை ‘மேடம்’ என்பார். அவள் அவரை ‘அண்ணாச்சி’ என்பாள்.

சுயம்புவின் துஷ்டி வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனவர் அங்கிருந்து நேராக ரெஜினாவின் அறைக்கு வந்தார்.

“அவன் பொஞ்சாதி என்ன சொன்னா தெரியுமா மேடம்? ‘நீங்கதான் அந்த றெக்கையப் போட்டவரா? இம்புட்டு நீளம் இந்தச் சுத்துவட்டாரத்துலயே கிடையாதுன்னு பெருமையாச் சொல்லுவாரு’ன்னா. சொல்லிட்டு எனக்குக் கடுங்காப்பி கொண்டாந்து கொடுத்தா. நானும் குடிச்சேன்.”

ரெஜினா அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“நான் எங்க தப்புப் பண்ணேன்?”

“நீளம் வேணும்னோம். எடை கூடக் கூடாதுன்னோம். மெலிசாப் போட்டீங்க. மெலிசானது வளையும்.”

“அப்போ ஆளைக் கொல்லாத றெக்கை எப்படி இருக்கும்? அதை மட்டும் சொல்லுங்க, போதும்.”

ரெஜினா மேசையில் ஒரு பெரிய தாளை விரித்தாள். பென்சிலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“வரையுங்க.”

தாணுலிங்கம் வரைந்தார். உச்சிவரை தடிமன் கொடுத்து, உள்ளே குறுக்குச் சுவர்களை நெருக்கி வைத்து, நிமிர்ந்து பார்த்தார்.

“இது எந்தக் காத்துக்கும் கோபுரத்தைத் தொடாது.”

“எடை?”

“ரெட்டிப்பு.”

“அம்புட்டு எடையும் ஒவ்வொரு சுத்துக்கும் மேல போயி கீழ வரும். அடிக்கட்டுல போல்ட்டு என்ன ஆகும்?”

“தளரும். ஆளு ஏறி முறுக்கணும். அடிக்கடி.”

“யாரு ஏறுவா?”

அவர் அழித்தார். நீளத்தைப் பாதியாகக் குறைத்து வரைந்தார்.

“பாதி நீளத்துக்குக் கால்வாசி கரண்டுதான் வரும் அண்ணாச்சி.”

“ஒரு கோபுரத்துக்குப் பதிலா நாலு நிறுத்தணும்” என்றார் தாணுலிங்கம். தாளில் நாலு கோடு கீறினார். “நாலுலயும் ஏறணும்.”

கார்பன் நாரில் போட்டால் எடையும் குறையும், வளைவும் குறையும் என்று தோன்றி ஒரு நிமிடம் அவர் முகம் தெளிந்தது. பிறகு கார்பன் மின்னலை உள்ளே வாங்கி வெடித்துச் சிதறும் என்பது நினைவுக்கு வந்தது. அதை அவளிடம் காட்டாமலே அழித்தார். இறக்கையைக் கோபுரத்திலிருந்து தள்ளி வைத்துப் பார்த்தார், கோபுரத்தை முன்னால் சாய்க்கும் பாரம் கூடியது. அழித்தார். அழித்த இடம் மெலிந்து மெலிந்து கடைசியில் தாள் கிழிந்துபோனது.

பென்சிலை வைத்துவிட்டார்.

“எப்படிப் போட்டாலும் எங்கேயோ ஒரு சுயம்பு நிக்கிறான்.”

“ஆமா.”

இல்லை என்று அவள் சொல்வாள் என்றுதான் வந்திருந்தார். அது இப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

“இது தெரிஞ்சுதான் இத்தனை வருஷமா வரையுறீங்களா?”

“தெரிஞ்சுதான்.”

தாணுலிங்கம் எழுந்தார்.

“என்னால ஆகாது மேடம். கண்ணை மூடினா அவன்தான். ஒரு பொட்டு உறக்கம் இல்ல. நாளைக்கு நான் வரமாட்டேன்.”

ரெஜினா கிழிந்த தாளைச் சுருட்டினாள். அவரைப் பார்க்கவில்லை.

“போங்க அண்ணாச்சி. றெக்கை உடைஞ்ச அன்னைக்கே உங்க இடத்துக்கு ஒருத்தரை அனுப்புறதா மேலேயிருந்து சொல்லியாச்சு. கெட்டிக்காரராம். நல்லா உறங்குறவராம்.”