மாசானம் மிதிக்காத பிரேக்

பூக்காரி செண்பகத்தின் மேல் காரை ஏற்றிக் காலை முறித்தவர், ஆறடி உயர மில் முதலாளி தனுஷ்கோடி. ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத மனுஷர். கோர்ட்டில் கூண்டேறியதோ அவருடைய குள்ள டிரைவர் மாசானம்! பழியை ஏற்காவிட்டால் வேலை போய்விடுமாம். அநியாயத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

“நான்தான் கண்மண் தெரியாம ஓட்டினேன், அய்யா,” என்றான் மாசானம். “எப்படின்னு உக்காந்து காட்டுறேன். போலீஸ் அன்னைக்கே பூட்டி வச்ச வண்டி வாசல்லதான் நிக்குது.”

நீதிபதி இறங்கி வாசலுக்கு வந்தார்; பின்னாலேயே முதலாளியும். அன்றைக்குப் பிறகு யாரும் நகர்த்தாத சீட்டில் மாசானம் சாய்ந்து, காலை நீட்டினான். பிரேக் ஒரு சாண் தள்ளியிருந்தது.

“பார்த்தீங்களா அய்யா, எனக்குக் கால் எட்டல, அதான் மிதிக்கல.” முதலாளி பக்கம் திரும்பினான். “கால் எட்டுன ஆளு ஏன் மிதிக்கலைன்னு அவரையே கேளுங்க!”