ஆரஞ்சுப் பாதை

“ஏறுறாங்க, இறங்குறாங்க, டீ குடிக்கப் போயிடறாங்க. என் பாதையில அப்படி என்னங்க டீச்சர் குறை?”

கேட்டவர் நாச்சிமுத்து. வயது நாற்பத்தேழு. டீச்சர் என்பது கோகிலவாணி. அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். அவள் அவரை அண்ணா என்பாள்.

கோவையில் மூடிப்போன நூல் மில் ஒன்றின் கிடங்கைச் சுவரேறும் கூடமாக மாற்றியிருந்தார்கள். அந்தச் சுவரில் யார் எந்த வழியாக ஏற வேண்டும் என்று பாதை போடுகிறவள் அவள். அந்த வித்தையைக் கற்க வந்தவர் அவர்.

வித்தை பார்வைக்கு எளிது. சுவர் முழுக்கப் பிடிகள் திருகப்பட்டிருக்கும். ஒரு பாதைக்கு ஒரு நிற டேப். எந்தப் பிடிக்குப் பக்கத்தில் அந்த டேப் ஒட்டியிருக்கிறதோ அதை மட்டும்தான் தொடலாம். வேறு எதையாவது தொட்டால் ஆட்டம் முடிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் போட்டி. இறுதிச் சுற்றுக்கு நாச்சிமுத்துவின் பாதையை வைப்பதாகப் பேச்சு.

பேச்சுதான். இதற்கு முன் அவர் போட்ட பாதைகளை எல்லாம் கோகிலவாணி ஒரு வார்த்தை சொல்லாமல் கழற்றிவிட்டிருக்கிறாள். இதுவும் போனால் மறுபடி ஊரார் பாதையின் பழைய டேப்பை உரித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அவருக்கு அந்த வேலை அலுத்துப்போய்விட்டது.

காலையில் இரண்டு பேரை ஏற்றிப் பார்த்தார்கள். இருவரும் மூச்சு வாங்காமல் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கினார்கள். நல்லா இருக்குங்க என்றார்கள். கல்யாண வீட்டு ரசத்தைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது.

அதனால்தான் அந்தக் கேள்வி.

கோகிலவாணி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டேப் எப்படித் தேர்ந்தெடுத்தீங்கண்ணா?”

கேள்விக்குக் கேள்வியா என்று அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் இந்த விஷயத்தில் மனிதர் கில்லாடி, சொல்லாமல் இருக்க முடியவில்லை. பார்சல் டேப் ஒட்டினால் உரித்த பிறகும் பசை சுவரிலேயே தங்கிவிடும், கைக்குப் பூசுகிற வெள்ளைப் பொடி அதில் அப்பிக்கொண்டு அழுக்குத் தழும்பாகும். பெயிண்டர்கள் ஒட்டும் காகித டேப் வியர்வை பட்டால் நழுவும். துணி டேப்தான் சரி. கையால் கிழிக்கலாம், நின்று பிடிக்கும், உரித்தால் சுத்தமாக வரும். பக்கத்துப் பாதைகள் நீலமும் பச்சையும், அதனால் ஆரஞ்சு. வாசலில் இருந்தே தெரியும்.

“நல்ல டேப்,” என்றாள் அவள்.

உச்சி வளையத்தின் வழியாகத் தொங்கிய கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டாள். மறுமுனையை அவர் கையில் கொடுத்தாள்.

நாச்சிமுத்து கயிற்றை இறுக்கிப் பிடித்தார். டீச்சர் தன் பாதையில் ஏறப்போகிறாள்!

ஆள் உயரத்துக்கு ஏறியதுமே அவள் நின்றாள். இடது கையில் தொங்கினாள். வலது கைக் கட்டைவிரலை ஒரு டேப்பின் ஓரத்தில் கொடுத்தாள்.

உரித்தாள்.

வெடுக்கென்று இழுத்தால் பெயிண்டும் சேர்ந்து வரும். சுவரோடு சுவராக மடக்கி, மெதுவாக, குழந்தையின் புண்ணிலிருந்து பிளாஸ்திரி எடுப்பது போல எடுக்க வேண்டும். அவருக்கு அவள் முதலில் கற்றுக்கொடுத்ததே அதுதான். அதை இப்போது ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டு செய்தாள். வந்த டேப்பைத் தன் பேண்ட்டிலேயே ஒட்டிக்கொண்டாள்.

டேப் போய்விட்டால் அந்தப் பிடி சுவரில் இருந்தும் இல்லாத கணக்குதான்.

இன்னும் கொஞ்சம் ஏறினாள். இன்னொன்று.

அது வேணுமுங்க டீச்சர் என்று கீழேயிருந்து கெஞ்சினார். அவள் திரும்பவில்லை. மேலும் ஒன்று போயிற்று. அதற்குப் பக்கத்தில் இருந்ததும் போயிற்று.

கையில் கயிறு. விட்டால் அவள் விழுவாள். பிடித்துக்கொண்டே நின்றால் தன் பாதை போகும். இருபது வருடம் டிரைவிங் ஸ்கூலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஓட்டிய காருக்குத் தன் காலால் பிரேக் போட்டவர் அவர். இப்போதும் வலது கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்தியது. தரை பாவம், என்ன செய்யும்?

கோகிலவாணி தொந்திக்கு வந்துவிட்டாள்.

சுவர் முன்னே பிதுங்கி நிற்கும் இடத்துக்கு அந்தக் கூடத்தில் தொந்தி என்று பெயர். தொந்திக்குக் கீழே ஒரு பிடி. தொந்தி தாண்டி, எட்டாத உயரத்தில் ஒரு பிடி. நடுவில் நாச்சிமுத்து வைத்த பிடி, பன் ரொட்டி மாதிரிக் கொழுகொழுவென்று. அவள் கட்டைவிரல் அதன் டேப்புக்குப் போயிற்று.

“டீச்சர், அதை மட்டும் விட்டுருங்க. அது இல்லைன்னா விழுந்துருவாங்க.”

“யாரு?”

“ஏறுறவங்க.”

“யாருங்ணா?”

ஏறுகிறவர்கள் என்றுதானே சொன்னோம், இதில் என்ன புரியவில்லை என்று அவருக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் நிலைக்கவில்லை. போன வாரம் அந்த இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்து, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு, மறுநாள் யாரிடமும் சொல்லாமல் அங்கே ஒரு பிடியைத் திருகி வைத்தது ஏறுகிறவர்கள் இல்லை.

மேலே அவள் இன்னும் ஒற்றைக் கையில்தான் தொங்கிக்கொண்டிருந்தாள். பதில் வராமல் அவள் நகர்வதாக இல்லை.

“நானுங்க,” என்றார்.

டேப் வந்தது. பெயிண்ட் ஒரு பொட்டுகூட வரவில்லை.

இறக்கிவிடச் சொன்னாள். தொந்திக்கு மேலே அவள் போகவே இல்லை. தரையில் கால் வைத்தபோது ஒரு பக்கத்துப் பேண்ட் முழுக்க ஆரஞ்சாக இருந்தது. இனி தொந்தியை யாராவது தாண்ட முடியுமா என்று அவர் கேட்டார். அவள் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னாள்.

நாச்சிமுத்து சாப்பிடப் போகவில்லை.

சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள் நான்கு பேர், எல்லாருக்கும் அதே ஆரஞ்சுப் பாதை.

முதலில் வந்தவன் தொந்தி வரை விறுவிறுவென்று போனான். கையை நீட்டினான். எட்டவில்லை. விழுந்தான், கயிறு தாங்கியது.

இரண்டாமவளும் அங்கேயே விழுந்தாள். மூன்றாமவன் எகிறிக் குதித்துப் பார்த்தான். விரல் காற்றைப் பிடித்தது.

இதெல்லாம் ஒரு பாதையா என்று பின்னால் யாரோ முனகினார்கள். நாச்சிமுத்துவுக்கு உடம்பு கூசியது. கூட்டத்தில் கரைந்து வெளியே போய்விடலாமா என்று வாசலைப் பார்த்தார்.

அப்போதுதான் கவனித்தார். டீக்கடைப் பக்கம் ஒருவரும் போகவில்லை.

விழுந்தவர்கள் மூவரும் சுவரடி மெத்தையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாந்து பார்த்தபடி காற்றில் கை காலை வீசி எதையோ வரைந்துகொண்டிருந்தார்கள். அப்படி இல்லை, இப்படி என்று ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டார்கள். எதிரிகள் என்பதையே மறந்துபோயிருந்தார்கள்.

கடைசியாக ரிஸ்வானா. உக்கடத்துக்காரி, கல்லூரி முடித்தவள், பாதையைப் பார்க்காமலே பாய்ந்து ஏறுவாள் என்று பெயர் எடுத்தவள். இன்றைக்கு அவள் ஏறவில்லை. கையில் பொடியைப் பூசிக்கொண்டு நின்று பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நாச்சிமுத்து வாசலை மறந்துவிட்டார். தன் பாதையில் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் அவர் ஒருநாளும் நின்றதில்லை. பயமாக இருந்தது. அப்படி ஒரு சந்தோஷமாகவும் இருந்தது.

அவள் ஏறினாள். தொந்திக்குக் கீழ்ப் பிடியை இரண்டு கையாலும் பற்றினாள். மேலே கையை நீட்டவில்லை. காலைத் தூக்கினாள். இடுப்புக்கு மேலே, தோளுக்கு மேலே தூக்கி, கை பற்றியிருந்த அதே பிடியில் குதிகாலை மாட்டினாள்.

மெத்தையில் இருந்த மூவரும் எழுந்துவிட்டார்கள்.

குதிகாலால் உடம்பை இழுத்து, தொந்தியின் மேல் புரண்டு எழுந்தாள். விரல் நுனி மேல் பிடியைத் தொட்டது. நழுவியது. மறுபடி பற்றியது. நின்றது.

தகரக் கூரைப் புறாக்கள் அத்தனையும் பறந்துவிட்டன, அவ்வளவு சத்தம். ரிஸ்வானா உச்சியைத் தொட்டதை நாச்சிமுத்து பார்க்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்.

பிறகு கூட்டத்தை இடித்துக்கொண்டு கோகிலவாணியிடம் ஓடினார். அவளும் நின்ற இடத்தில் குதித்துக்கொண்டுதான் இருந்தாள்.

“அந்தப் பிடி இல்லாமலே அங்க ஒரு வழி இருக்குதுன்னு உங்களுக்கு எப்படீங்க டீச்சர் தெரியும்?”

“எனக்கும் இப்பத்தானுங்ணா தெரியும்.”