சுவருக்குத் தெற்கே சேர்ந்த மணல்

தீர்ப்புச் சொல்லத் தெரிந்தவர்கள் கொஞ்சம் அருகே வாருங்கள். இதுவரை இந்த வழக்கைக் கேட்டு அலுத்துப்போனவர்கள்தான் அதிகம்.

வடக்கே சங்குமேடு, தெற்கே புன்னைக்குப்பம். இரண்டும் மீனவர் ஊர்கள். நடுவில் அரசு ஒரு துறைமுகம் கட்டியது. கடலுக்குள் நீண்ட அதன் கருங்கல் சுவர், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்தது. ஆறே ஆண்டுகளில் புன்னைக்குப்பத்தின் முன்னால் முந்நூறு அடிக்குப் புதுக் கரை வளர்ந்தது. சங்குமேட்டிலோ முதலில் வலை காயவைக்கும் இடம் போயிற்று, அடுத்து மீன் ஏலக்கூடம் போயிற்று, கடைசியில் படகு ஏற்றக் கரையே இல்லை.

சங்குமேட்டு மீனவர் தேசிங்கு, ஊருக்காக அலுவலகம் அலுவலகமாக நடந்தார். மீன்வளத் துறையில், நிலம் எங்களுடையதல்ல, வருவாய்த் துறைக்குப் போங்கள் என்றார்கள். வருவாய்த் துறையில் வரைபடத்தை விரித்து, நீங்கள் காட்டும் இடம் இப்போது கடல், கடல் எங்கள் பொறுப்பில் வராது என்றார்கள். துறைமுகம் மட்டும் பதிலை எழுத்தில் கொடுத்தது: கடலரிப்பு இயற்கையானது, சுவருக்கும் அதற்கும் தொடர்பில்லை. பதினோராவது முறையும் வெறுங்கையோடுதான் திரும்பினார்.

மறுநாள் காலை, தன் ஊரின் பன்னிரண்டு படகுகளைக் கொண்டுபோய்ப் புன்னைக்குப்பத்தின் புது மணலில் ஏற்றினார். அந்த ஊர்த் தலைவர் கன்னியப்பன், தேசிங்கின் தங்கையைக் கட்டியவர். ஊரே பின்னால் நிற்க, அவர்தான் வந்து மறிக்க வேண்டியிருந்தது.

"மச்சான், நீ வந்தா சோறு போடுவேன். பன்னிரண்டு படகு வந்தா எங்க ஆளுங்க கரைவலையை எங்க இழுப்பாங்க?"

"உன் கரையில ஏறல மச்சான். என் கரைதான் இங்க வந்து கிடக்கு."

கன்னியப்பனுக்குப் படகுகளைத் தள்ளிவிட மனமில்லை.

அந்த வாரமே துறைமுக அதிகாரி ஒருவர் கம்பிவேலியோடு வந்தார். எங்கள் சுவரால் சேர்ந்த மணல், ஆகவே இது துறைமுக நிலம், இங்கே லாரிகள் நிற்கும் என்றார்.

விசாரணைக்குச் சார் ஆட்சியர் மிருதுளா வந்தார். துறைமுகம் எழுதிக் கொடுத்த அந்தப் பழைய பதிலைத் தேசிங்கு நீட்டினார். மிருதுளா அதை இரண்டு முறை படித்துவிட்டு அதிகாரியைப் பார்த்தார்.

"உங்க சுவர் மணலை எடுக்கல. ஆனா கொடுத்திருக்கு. அப்படித்தானே?"

மேலிடத்தைக் கேட்டுச் சொல்வதாக அதிகாரி சொன்னார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: துறைமுகம், புன்னைக்குப்பம், சங்குமேடு, இந்த மூன்றில் அந்த மணல் யாருக்குச் சேரும்?

விடை: ஒரே சுவருக்கு இரண்டு கதை சொன்ன துறைமுகத்துக்குச் சேராது. கரைவலையை அலையோரத்தில்தான் இழுக்க முடியும், ஆகவே அலையோரம் புன்னைக்குப்பத்துக்கு. அதன் பின்னால் வெறுமனே அகன்று கிடக்கும் மணலும், அங்கே படகு ஏற்ற ஒரு வழியும், கரையை இழந்த சங்குமேட்டுக்கு. மிருதுளாவும் அப்படித்தான் எழுதினார். அதற்கு மீன்வளம், வருவாய், துறைமுகம் மூன்றும் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். மற்றவர் முதலில் ஒப்புக்கொள்ளட்டும் என்று மூன்றும் காத்திருக்கின்றன. பொறுத்துப் பார்த்த கன்னியப்பன், யாரையும் கேட்காமல் தன் ஊரைப் பேசி இணங்கவைத்து வழி விட்டார். ஆனால் அதற்குள் சங்குமேட்டில் ஐந்து பேர் படகை விற்றுவிட்டு, மங்களூர் விசைப்படகுகளில் கூலிக்குப் போய்விட்டார்கள்.