ஆன்டெனாவைப் பிடித்தவனுக்கு யார் சொல்வது?

புதிர் என்றால் ராஜாவும் மூன்று இளவரசர்களும் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். என் புதிரில் வருவது ஓர் இருபதடி இரும்புக் குழாய், அதன் உச்சியில் ஓர் ஆன்டெனா, சுற்றிலும் மூன்று ஆட்கள். ஜெயித்தால் பரிசும் கிடையாது. கேட்டுவிட்டுத் தீர்ப்பை மட்டும் சொல்லுங்கள்.

சங்குமணல் என்று ஒரு கடற்கரை ஊர். நம் பக்கத்து டிவி அங்கே எட்டாது. கடலுக்கு அக்கரையிலிருந்து வருவதுதான் தெரியும், அதுவும் ஆன்டெனாவைத் தென்கிழக்கே சரியாகத் திருப்பினால். ஒரு விரற்கடை விலகினாலும் படம் போய்ப் புள்ளி புள்ளியாகக் கொட்டும், பேச்சும் இரைச்சலில் முங்கிவிடும். ஆகவே டிவி பார்ப்பது அங்கே மூன்று பேர் வேலை. மாடியில் ஒருவர் குழாயைத் திருப்புவார். டிவி முன்னால் ஒருவர் பார்த்துச் சொல்வார். வாசற்படியில் நிற்பவர், உள்ளே சொன்னதை மேலே கத்துவார், மேலே கேட்டதை உள்ளே கத்துவார். நிகழ்ச்சி தொடங்கும்வரை குழாயை எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம். தொடங்கிவிட்டால் அசைக்கக் கூடாது. எழுதி வைக்காத சட்டம்தான், ஆனால் யாரும் மீறியதில்லை.

ஓர் ஐப்பசிப் புயலில் நாலு பேர் போன படகு திரும்பவில்லை. ஜெசிந்தாவின் கணவன் சூசை அதில் இருந்தான். கபிரியேலின் தம்பி தாசனும் இருந்தான். மற்ற இருவர் பக்கத்து ஊர். மூன்றாம் நாள் மத்தியானம் அக்கரை ரேடியோ ஒரு செய்தி சொன்னது: இந்தப் படகில் வந்தவர்களில் சிலர் கரை சேர்ந்திருக்கிறார்கள், மாலைச் செய்தியில் டிவியில் காட்டுவார்கள். எத்தனை பேர், யார் யார் என்று சொல்லவில்லை. கேட்டறியலாம் என்றால் ஊரின் போன் கம்பி மணலில் அறுந்து கிடந்தது.

டிவி இருந்தது ஜெசிந்தா வீட்டில். கரண்ட் இல்லாததால் அதை ஒரு லாரி பேட்டரியில் இணைத்தார்கள். ஆனால் மாடியில் குழாயைத் தாங்கிய இழுகம்பிகளைப் புயல் பிய்த்துவிட்டிருந்தது. யாராவது கட்டிப்பிடித்து நின்றால்தான் உண்டு. ஊருக்கே ஆன்டெனா மாட்டிக் கொடுப்பவன் கபிரியேல்.

"நானே ஏறுறேன். வேற யாருக்கும் அது அடங்காது," என்றான்.

காற்று இன்னும் ஓயவில்லை. வலைக்கயிற்றை அவன் இடுப்பில் சுற்றி, மறுமுனையைக் கைப்பிடிச் சுவர்த் தூணில் கட்டியவன் அவனுடைய கூட்டாளி சிலுவை. முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்த பிறகுதான் இறங்கி வாசற்படிக்கு வந்தான். ஊரில் மற்றவர்கள் கோயிலில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"தெரியுதா?" மேலேயிருந்து கபிரியேல்.

"புள்ளியா இருக்கு அண்ணே," என்றாள் ஜெசிந்தா.

"புள்ளியாம்! இன்னும் கடல் பக்கம் திருப்பு!" என்று கத்தினான் சிலுவை.

குழாய் முனகியது. திரையில் ஏதோ ஒரு சோப்பு விளம்பரம் எழும்பி வந்தது. நடுவில் இரண்டு கோடுகள் ஓடின. போதும், நில்லு என்றார்கள்.

செய்தி தொடங்கியது. முதல் செய்தியே புயல். கம்பளி போர்த்தி மூன்று பேர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் சூசை. ஜெசிந்தாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இருந்தும் தன் வேலையை அவள் மறக்கவில்லை.

"சிலுவையண்ணே, மூணு பேரக் காட்டுறாங்க. அவரு இருக்காரு. தாசனைக் காணோம். இன்னும் வாசிச்சிக்கிட்டுதான் இருக்காங்க. அண்ணன்கிட்டச் சொல்லிருங்க."

அதே நேரம் மேலேயிருந்து குரல் வந்தது. "மாப்ள! செய்தி வந்துருச்சா? தம்பி இருக்கானா?"

சிலுவை நிமிர்ந்து பார்த்தான். கபிரியேல் இரண்டு கையாலும் குழாயைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை அதில் அழுத்தியபடி நின்றான். தாசனுக்கு நீச்சல் பழக்கியவனே சிலுவைதான்.

"இன்னும் ஆரம்பிக்கல மாப்ள!" என்று கத்தினான்.

உள்ளே செய்தி வாசிப்பவர், "படகிலிருந்த நான்காமவர்..." என்று தொடங்கினார்.

மேலே கபிரியேல் கணக்குப் போட்டான். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் நேரம் இருக்கிறது. அந்த இரண்டு கோட்டையும் எடுத்துவிட்டால் தம்பி முகம் தெளிவாகத் தெரியுமே. குழாயை ஒரு விரற்கடை திருப்பினான்.

திரை முழுக்கப் புள்ளி. பேச்சு இரைச்சலில் முங்கியது. "ஐயோ, திருப்பாதீங்க!" என்று ஜெசிந்தா அலறிய அலறலைச் சிலுவை மேலே கொண்டு சேர்த்து, கபிரியேல் பதறிப்போய்க் குழாயைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தபோது அக்கரை டிவி அடுத்த செய்திக்குப் போய்விட்டிருந்தது. நான்காமவர் செத்தாரா பிழைத்தாரா என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். கண்டதை அப்படியே சொன்னாள் ஒருத்தி. காற்றில் மாடியில் நிற்பவனிடம் அதை மறைத்தான் ஒருவன். சொன்னதை நம்பிக் குழாயைத் திருப்பினான் இன்னொருவன். இதில் யார் செய்தது சரி? பிழை யாருடையது?

விடை: கேட்டதும் கை நழுவி விழுந்துவிடுவான் என்று பயந்தேன் என்றான் சிலுவை. விழ வழியே இல்லை. கயிற்றைக் கட்டியவனே அவன்தான். அவன் பயந்தது அந்தச் சொல் தன் வாயிலிருந்து போக வேண்டுமே என்றுதான். நான் நின்றிருந்தாலும் பயந்திருப்பேன், அதற்காகப் பிழை பிழையில்லாமல் போகாது. வாசற்படியில் நிற்பவன் வேலை சொல்லைக் கொண்டு சேர்ப்பது, சலித்துக் கொடுப்பது அல்ல. ஜெசிந்தா செய்ததே சரி. கபிரியேல் மீதும் குற்றம் இல்லை. இறங்கி வந்து விஷயம் தெரிந்ததும் அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "இல்லைன்னு சொல்லியிருந்தா இன்னும் இறுக்கிப் பிடிச்சிருப்பேனேடா?" தாசன் கால் முறிந்து அக்கரை ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தான். அது தெரியவர மேலும் மூன்று நாள் ஆனது. அதுவரை கபிரியேல் வீட்டில் அடுப்பு எரியவில்லை. மூன்று நாளும் சிலுவை அந்த வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தான்; உள்ளே போக அவனுக்குத் துணிவு வரவில்லை.