கறுப்பிக்கு வந்த சக்கரம்

மலைமேல் மரம் இழுக்கிற ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே இஞ்சின் கொட்டகைக்குப் பின்னால் ஒரு சாமியார் குடிசை போட்டிருந்தார். மரம் வெட்டுகிற காட்டைக் கூப்பு என்பார்கள். அதனால் அவர் கூப்புச்சாமி.

ஆதியில் அந்தக் காட்டில் யானைகள்தான் மரம் இழுத்தன. அப்புறம் கம்பெனிக்காரர்கள் தண்டவாளம் போட்டு, நீராவி இஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கூலிக்காரர்கள் அதற்குக் கறுப்பி என்று பேர் வைத்தார்கள். விறகைத் தின்று புகையைக் கக்கிக்கொண்டு காடெல்லாம் சுற்றி, மரத்தை மலைச்சரிவின் தலைமாட்டில் கொண்டுவந்து போடும். சாமிக்குக் காலைக் குளியல் கறுப்பி வயிற்று வெந்நீரில்தான்.

அந்த வாரம் கறுப்பி சக்கரம் விரிசல் விட்டுப் படுத்துவிட்டது.

"ஊருக்குக் கூலி போச்சு, எனக்குக் குளியல் போச்சு" என்று சிரித்தார் சாமி.

சீடன் மருதாசலம் சிரிக்கவில்லை. அவன் அண்ணன் காலமான சேதி வந்திருந்தது. அண்ணியும் சின்னஞ்சிறுசுகள் ரெண்டும் ஒரு கிணற்றுத் தோட்டமும், பார்க்க ஆளில்லை. எல்லாம் வேண்டாமென்று மலையேறி, காதோரம் நரைக்கும்வரை சாமியோடு இருந்தவன், துணிமூட்டையைக் கட்டினான்.

"போறனுங்க சாமி."

"ம்."

"பாதியில எறங்கறவன் தோத்தவன்தானுங்களே?"

சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வா, சரிவு வரைக்கும் நானும் வர்றேன்."

சரிவில் இஞ்சின் ஓடாது. அவ்வளவு செங்குத்து. அங்கே கம்பிவடம்தான். வடத்தின் மேல்முனையில் மரம் ஏற்றிய வண்டி, கீழ்முனையில் அடிவாரத்து வண்டி. நடுவில் வடம் சுற்றி வர, மேலே ஒரு பெரிய உருளை. மரம் இறங்கினால் அந்தப் பாரத்திலேயே அடிவாரத்து வண்டி ஏறிவிடும். உருளைக்குப் பிரேக் பிடிக்கிறவர் நஞ்சப்பன்.

நஞ்சப்பன் அன்றைக்குத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா?"

"கறுப்பிக்குப் புதுச் சக்கரம் வந்துருச்சுங்க சாமி. அடிவாரத்துல வண்டியில கட்டியாச்சு. பிரேக்கை விட்டா அசைய மாட்டேங்குது."

"ஏன்?"

"அவ படுத்ததுல மேல மரமே வரல. கெடந்த கட்டையெல்லாம் ஏத்திப் பாத்துட்டன். பாரம் பத்தல."

"இன்னும் எவ்வளவு வேணும்?"

"ஒரு ஆள் கனம் இருந்தாப் போதுமுங்க. நான் பிரேக்கை விட்டு வர முடியாது. நீங்க உக்காந்தீங்கன்னா காக்கா உக்காந்த மாதிரி."

சாமி மருதாசலத்தைப் பார்த்தார். குடிசைக் கூழ் அவன் உடம்பில் நன்றாகவே ஒட்டியிருந்தது.

"ஏறி உக்காரு."

"ஐயோ, ஆள் ஏறக்கூடாதுன்னு கம்பெனிச் சட்டமுங்க" என்றார் நஞ்சப்பன்.

"கேட்டா, அதுவும் ஒரு கட்டைன்னு சொல்லு. இத்தனை வருசமா அசையாம உக்காரத்தானே பழகினான்."

நஞ்சப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருதாசலத்தை மரங்களின்மேல் உட்காரவைத்து, இடுப்பைக் கயிற்றால் சுற்றிக் கட்டினார்.

"பயப்படாத. கறுப்பியே இப்படித்தான் மேல வந்தா, தெரியுமா? பிரிச்சுப் பிரிச்சு அடிவாரத்துல வெச்சிருந்தாங்க. யானை இழுத்துப் போட்ட மரம் மேல இருந்து எறங்க எறங்க, இவ துண்டு துண்டா ஏறினா. அப்புறம் பூட்டினோம்."

மருதாசலம் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டான்.

நஞ்சப்பன் மணி அடித்தார். அடிவாரத்திலிருந்து பதில் மணி கேட்டது. பிரேக்கை மெல்ல விட்டார். வடம் முனகியது. உருளை கொஞ்சம் யோசித்தது. அப்புறம் சுற்றத் தொடங்கியது. வண்டி நகர்ந்தது.

மருதாசலம் கழுத்தைத் திருப்பிக் கத்தினான்.

"சாமி! நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலீங்களே!"

சாமி கண்ணுக்குமேல் கையை வைத்துச் சரிவின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெட்டியாப் புடிச்சுக்க மருதாசலம். சக்கரம் ஏறுது."