ஏழாவது பின்

"'கேட்டதெல்லாம் போட்டுக் குடுத்தாச்சு, இன்னும் என்னதான் வேணும் உனக்கு?' என் வீட்டுக்காரர் சொன்னது இதே வார்த்தைதான் அம்மா. ஒரு எழுத்து நான் கூட்டலை. சொல்லிட்டு ஒரு ஏப்பம் வேற."

தமயந்தி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

கொல்லிமலை அடிவாரத்தில் நாச்சியின் குடில். நாச்சிக்கு முப்பத்தாறு வயது, தமயந்திக்கு ஐம்பத்தெட்டு. இருந்தாலும் குரு நாச்சிதான். குருவாவதற்கு முன்பு, நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வயரிங் பார்த்தவள்.

வெளியே தமயந்தியின் கணவர் கஜபதியின் வேன் நின்றது. ரிட்டயர் ஆன கையோடு வாங்கியது. கட்டில், ஃபேன், டிவி எல்லாம் வைத்து வீடாக்கி, கோயில் கோயிலாகப் போய்க்கொண்டிருந்தார். தாளிக்கிற வாடை அவருக்கு ஆகாது. அதனால் சமையலறை மட்டும் பின்னால் இழுத்து வரும் ட்ரெய்லரில். அடுப்பு அங்கே. ஃப்ரிட்ஜும் அங்கே. ஃப்ரிட்ஜில் தமயந்தியின் இன்சுலின்.

"என்ன ஆச்சுங்க்கா?"

"ட்ரெய்லர் பேட்டரி மூணு நாளா செத்துக் கிடக்கு. ஃப்ரிட்ஜ் ஓடலை. மருந்து வெந்நீர் மாதிரி ஆயிடுச்சு. அதையே போட்டுக்கிட்டேன். நேத்து சுகர் கிட்டத்தட்ட நானூறு."

"இன்னிக்கு?"

"காலையில ராசிபுரத்துல புதுசு வாங்கினேன். ஈரத்துணியில சுத்தி வச்சிருக்கேன். இதுவும் கெட்டா அடுத்து நான்தான்."

"பேட்டரிக்கு யாரு சார்ஜ் போடறது?"

"வேற யாரு? ஊர் ஊரா இறங்கி, அடுத்தவங்க வாசல்ல நின்னு, கொஞ்சம் பிளக் போட்டுக்கட்டுமான்னு கெஞ்சறேன். முந்தாநாள் ஒருத்தி நாயை அவுத்து விட்டா."

நாச்சி கண்ணை மூடினாள்.

"பொறுமை, கிறுமைன்னு ஆரம்பிக்காதீங்க. அதை எனக்கு கான்வென்ட் சிஸ்டருங்க ஸ்கேலால அடிச்சே சொல்லிக் குடுத்துட்டாங்க."

நாச்சி கண்ணைத் திறந்தாள். எழுந்து வெளியே போனாள்.

கஜபதி வேனில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"நீங்களே பாருங்கம்மா. நான் கைப்பட வயரிங் பண்ணினது. பிரேக் போட்டா பின்னால சிவப்பு எரியும். ஒரு போலீஸ்காரரே பாராட்டினார்."

நாச்சி வேனுக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே குந்தினாள். இரண்டையும் இணைத்த ஏழு பின் பிளக்கைப் பிடுங்கினாள். வேன் பக்கத்து சாக்கெட்டைக் கழற்றி, அதன் முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

"ஒவ்வொரு பின்னும் எதுக்குன்னு சொல்லுங்க."

"லெஃப்ட் இண்டிகேட்டர். ரைட் இண்டிகேட்டர். பிரேக். டெயில் லாம்ப். ரிவர்ஸ். எர்த்."

"ஏழாவது?"

"அது பேட்டரி சார்ஜுக்கு. காலியா விட்டிருக்கேன்."

"ஏங்க?"

"அது இல்லேன்னு யாரும் வண்டியை நிறுத்த மாட்டாங்க."

தமயந்தி அவரையே பார்த்தாள். ட்ரெய்லர் பக்கத்தில் அந்த ஏழாவதுக்கு வயர் இருந்தது. கட்டிக் கொடுத்தவன் போட்டே கொடுத்திருந்தான். வேன் பக்கத்தில்தான் ஒன்றுமில்லை.

"சரி, சரி. போட்டுட்டாப் போச்சு. பழைய ஸ்பீக்கர் வயர் கிடக்கு. அது போதும்."

நாச்சி அந்த ஸ்பீக்கர் வயரை வாங்கினாள். இரண்டு ஹெட்லைட் பல்பை அதன் ஒரு முனையில் கட்டினாள். மறுமுனையை பேட்டரியில் வைத்தாள். வயரின் நடுப்பகுதியைக் கஜபதியின் கையில் கொடுத்தாள்.

"பிடிச்சுக்குங்க."

பல்பு மங்கலாக எரிந்தது.

"எவ்வளவு நேரம் பிடிக்கணும்?"

நாச்சி இரண்டாவது பல்பின் முடிச்சை இறுக்கினாள்.

"ஐயோ, சுடுது!"

கஜபதி வயரைக் கீழே போட்டார். நாச்சி உள்ளே போய், விரல் பருமனில் ஒரு வயர்ச் சுருளைக் கொண்டுவந்தாள். தமயந்தியின் தோளில் மாட்டினாள்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதே!"

"அவருக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு. ஆறு போட்டாரு."

தமயந்தி புடவையை இழுத்துச் செருகினாள். வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்தாள்.

பேட்டரியை ஒட்டி ஒரு ஃப்யூஸ். அடுத்து ஒரு ரிலே. அங்கிருந்து சேஸிஸ் ஓரமாகவே ஏழாவது பின் வரை. நாச்சி விரலால் காட்டினாள், தமயந்தி கட்டிங் பிளேயரால் முறுக்கினாள். எர்த்துக்கு மிச்சமிருந்த மெல்லிய வயரைத் தமயந்தி எடுத்தபோதுதான் நாச்சி வாயைத் திறந்தாள்.

"கரண்ட் திரும்பி வர்றதுக்கும் அதே தடிமன் வேணுங்க்கா."

தமயந்தி மெல்லிய வயரை வண்டிக்கு வெளியே வீசினாள்.

கஜபதி குனிந்து பார்த்தார்.

"ராத்திரியெல்லாம் இவ ஃப்ரிட்ஜ் என் பேட்டரியை உறிஞ்சிட்டா, காலையில வண்டி எப்படி ஸ்டார்ட் ஆகும்?"

நாச்சி ரிலேயைத் தட்டினாள். "இஞ்சின் ஓடினாத்தான் கரண்ட் போகும். நின்னா நின்னுடும்."

கஜபதியின் முகம் தெளிந்தது.

"ஆக, நான் ஓட்டினாத்தான் அவளுக்கு."

நாச்சி தமயந்தியைப் பார்த்தாள்.

தமயந்தி அடியிலிருந்து வெளியே வந்தாள். கிரீஸ் கையைப் புடவையிலேயே துடைத்தாள். சுற்றிப் போய் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தினாள்.

"ஏய், என்ன விளையாட்டு? லைசென்ஸ் வேணும்டி!"

"எடுத்துப் பதினெட்டு வருஷம் ஆச்சு. நீங்கதான் பார்த்ததில்லை."

சாவியைத் திருப்பினாள். இஞ்சின் இருமியது, பிடித்துக்கொண்டது.

நாச்சி டெஸ்ட் லாம்ப்பை ஏழாவது பின்னில் வைத்தாள். எரிந்தது. பிளக்கைச் செருகினாள். ட்ரெய்லருக்குள் ஃப்ரிட்ஜ் முனக ஆரம்பித்தது. ஈரத்துணிப் பொட்டலத்தை அவளே கொண்டுபோய் அதற்குள் வைத்துவிட்டு வந்தாள்.

வண்டி ஒரு முழம் நகர்ந்தது.

கஜபதி கண்ணாடியைத் தட்டினார். மறுபடியும் தட்டினார். நாச்சியைத் தேடித் திரும்பினார். அவள் குடிலுக்குள் போய்விட்டிருந்தாள்.

"தமயந்தி, அந்தப் பக்கத்துக் கதவையாவது திறயேன்."