ஏரிக்குப் போன துப்பாக்கி

கூட்டிலிருக்கும் பறவைகள் மிரளுமென்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் அது. அந்த ஊர் ஏரியில்தான் நாரை சுட ஆசைப்பட்டார் பண்ணையார் ரங்கபூபதி.

"குறி பழக, பறக்கவிடுற களிமண் தட்டைச் சுடவும் பறவை சுடவும் ஒரே துப்பாக்கி வேணும். நீயே பார்த்து எடு. துப்பாக்கி சரியில்லேன்னா உன் வேலை போச்சு" என்றார் வேலையாள் காத்தமுத்துவிடம். சுடுவது அவர், பழி இவனுக்கு. பண்ணை நியாயம் அப்படித்தான்.

கடையில் ஒவ்வொன்றாக அவர் தோளில் வைத்துப் பார்த்து, மேலும் கீழுமாக இரண்டு குழல் அமைந்த ஒன்றைக் காத்தமுத்து தேர்ந்தெடுத்தான். ஏரிக்குச் சத்தம் எட்டாத தொலைவுத் தோட்டத்தில் பயிற்சி தொடங்கியது. பண்ணையார் "விடு" என்பார். அவன் விசைப்பொறியின் கயிற்றை இழுத்ததும் தட்டு பறக்கும். அவர் சுடுவார்.

"காதுல விழலீங்க எசமான். இன்னும் சத்தமா." தினமும் இதே பாட்டு.

ஒரு நாள் விருந்தாளிகளோடு இருவரும் ஏரிக்குப் போனார்கள். நாணல் மறைவில் பண்ணையார் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினார். பழக்கம் சும்மா இருக்குமா? "விடு" என்று அடித்தொண்டையில் கத்தினார்.

ஏரியே எழுந்து பறந்தது. ஒற்றைத் தட்டுக்குப் பழகிய கண் அத்தனை இறக்கைகளில் எதைப் பிடிக்கும்? அவர் திகைத்து நிற்க, விருந்தாளிகள் சிரித்தார்கள்.

"துப்பாக்கி சரியில்லடா."

"அது இன்னும் சுடவே இல்லீங்களே எசமான்."

"அதுவும் நியாயந்தானே பூபதி" என்றார் ஒரு விருந்தாளி. பண்ணையார் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு வண்டியேறினார்.

காத்தமுத்து மட்டும் நின்றான். தாய்ப்பறவைகள் ஒவ்வொன்றாக இறங்கின. குஞ்சுகள் வாய் பிளந்து கத்தின. எல்லாக் கூடும் அடங்கிய பிறகே அவன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.